செல்ஃப் சுற்றுகிறது, வண்டி பிடிக்கவில்லை! பழைய கார் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் ஏறக்குறைய எல்லாம் ஒரே பாட்டு. செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் பிடிப்பதில்லை. அல்லது பிடித்து, கொஞ்ச தூரம் ஓடி, நட்ட நடு ரோட்டில் படுத்துவிடுகிறது. எல்லாமே கார்ப்பரேட்டர் காலத்து வண்டிகள். அதனால் பாடி, பெயின்ட், டயர் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு இந்த முறை இக்னிஷனை, அதாவது இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைக்கும் கரண்ட் ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். புதியவர்களுக்கு ஒரு வரி: காயில் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தும்; பாயிண்ட் காயிலின் கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் சின்ன சுவிட்ச், கண்டன்சர் அதில் எழும் பொறியை அடக்கும்; டிஸ்ட்ரிபியூட்டர் தன் கேப் (மூடி), உள்ளே சுற்றும் ரோட்டார் வழியாக ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடும்; எர்த் என்பது பேட்டரியின் ஒரு முனை முடுக்கியிருக்கும் வண்டியின் இரும்பு பாடி.

கேள்வி: சார், அப்பா வாங்கிய 1989 மாடல் பிரீமியர் பத்மினி இன்னும் என்னிடம் ஓடுகிறது. காலையில் ஒரே செல்ஃபில் பிடிக்கும். அரை மணி நேரம் ஓடியதும், அதுவும் வெயில் நேரத்தில், திடீரென்று நின்றுவிடும். ஓரங்கட்டி பானெட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தால் மறுபடி பிடிக்கும். பிளக் நாலும் மாற்றியாச்சு, காயில் புதுசு போட்டாச்சு, கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணியாச்சு. காயில் மாற்றியதிலிருந்து பாயிண்ட் வேறு அடிக்கடி கருகுகிறது. ஒரு மெக்கானிக் பெட்ரோல் பம்ப் என்கிறார், இன்னொருவர் டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றச் சொல்கிறார். யாரை நம்புவது?
வாசகர், திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு இரண்டு பேரையுமே நம்ப வேண்டாம். அவர்கள் சொல்வது நடக்கக்கூடியதுதான், ஆனால் இருவரும் வண்டி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். சூட்டில் வரும் கோளாறைக் காலையில் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்திவைத்துக் கண்டுபிடிக்க முடியாது. நின்ற இடத்தில், சூடு ஆறுவதற்குள் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. இரண்டு ஒயர் வைத்த ஒரு 12 வோல்ட் பல்பு, அதாவது டெஸ்ட் லேம்ப், ரப்பர் கைப்பிடி போட்ட கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். வண்டியிலேயே கிடக்கட்டும்.

வீட்டில் கரண்ட் போனால் உடனே ஏணி போட்டு ஃபேனைக் கழற்றுகிறோமா? பக்கத்து வீட்டில் லைட் எரிகிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். கோளாறு தெருவிலா நம் வீட்டிலா என்பது அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். காரிலும் கரண்ட் எதுவரை வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று பாதி பாதியாகக் கழித்துக்கொண்டே போனால் கோளாறு ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும். நீங்கள் செய்தது, ஒவ்வொரு பாகமாக மாற்றி மாற்றிப் பார்த்தது. அதில் சில நேரம் அதிர்ஷ்டம் அடிக்கும். பல நேரம் இருக்கிற கோளாறோடு புதிதாக ஒன்று வந்து சேரும். உங்கள் வண்டியில் அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று நினைக்கிறேன், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வண்டி நிற்கும் விதத்தைக் கவனியுங்கள். பெட்ரோல் வராத வண்டி ஒரேயடியாக நிற்காது. மிதிக்க மிதிக்க இழுவை குறையும், குலுங்கும், ஒரு தடவை மூச்சு வந்தது போல இழுக்கும், அப்புறம்தான் நிற்கும். கரண்ட் போன வண்டி சாவியைத் திருப்பி அணைத்தது போலப் பட்டென்று நின்றுவிடும். நின்ற பிறகு சாவியை எடுத்துவிடாதீர்கள். டேஷ்போர்டில் பேட்டரியின் சிவப்பு விளக்கும் ஆயில் விளக்கும் எரிகின்றனவா என்று பாருங்கள். சாவி போட்டிருந்தும் இரண்டுமே எரியவில்லை என்றால் பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி வேலை முடிந்தது: கோளாறு சாவி சுவிட்சிலோ, அதற்கு வரும் அல்லது அதிலிருந்து போகும் ஒயரிலோ இருக்கிறது.

பத்மினியின் 1089 சிசி இன்ஜினில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்ஜின் சூடு பம்புக்கு ஏறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பம்ப் வெறும் ஆவியை அடித்துக்கொண்டிருக்கும். சித்திரை வெயிலில் இது சகஜம், ஆகவே பம்ப் என்று சொன்ன மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. ரோட்டோரத்தில் ஈரத்துணி போடும் வைத்தியம் இதற்குத்தான் வந்தது. ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? பம்பின் மேல் ஒரு ஈரத்துணி, காயிலின் மேல் ஒரு ஈரத்துணி, போதாததற்கு மேலே ஒரு சொம்புத் தண்ணீர். வண்டி பிடித்துவிடும், எதனால் பிடித்தது என்று மட்டும் தெரியாது. ஒரு தடவை நின்றால் பம்புக்கு மட்டும் துணி போடுங்கள், அடுத்த தடவை காயிலுக்கு மட்டும்.

அதைவிட நேர்வழி, ஸ்பார்க்கைக் கண்ணால் பார்ப்பது. கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். பானெட்டைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ எங்காவது ஒழுகினாலோ இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்களும் கிட்டே வரக் கூடாது. வாடை இல்லையென்றால், காயிலிலிருந்து வந்து டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் நடுவில் சொருகியிருக்கும் கனமான ஒயரைப் பிடுங்கி, அதன் முனையைப் பிளேயரால் பிடித்து, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புக்கு ஏறக்குறைய 6 மி.மீ. தள்ளி வைத்துக்கொண்டு, கூட இருப்பவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். சட் சட்டென்று சத்தத்தோடு நீலமாகப் பாய்ந்தால் காயில், பாயிண்ட், கண்டன்சர் மூன்றும் அந்த நிமிடத்தில் வேலை செய்கின்றன. கோளாறு அதற்கு அப்பால் கேப், ரோட்டார், பிளக் ஒயரில் இருக்கும், அல்லது பெட்ரோலில். மஞ்சளாக, மெலிசாக, வரலாமா வேண்டாமா என்று வந்தால் கண்டன்சர் அல்லது காயில். ஒன்றுமே வரவில்லையென்றால் 12 வோல்ட் பக்கத்தில்தான் தேடலை ஆரம்பிக்க வேண்டும்.

ஒன்றும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காயிலின் தலையில் இரண்டு சின்ன டெர்மினல் இருக்கும். பழைய லூகாஸ் கம்பெனி காயில்களில் எஸ்.டபிள்யூ., சி.பி. என்று போட்டிருக்கும், பிறகு வந்தவற்றில் பிளஸ், மைனஸ். முதலாவது சாவியிலிருந்து வருவது, இரண்டாவது டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போவது. சாவியைப் போட்டு, டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து மறுமுனையை எஸ்.டபிள்யூ.வில் வையுங்கள். எரியவில்லையா, காயில் வரைக்கும் கரண்டே வரவில்லை, பின்னால் போய்த் தேடுங்கள். எரிகிறதா, அப்புறம் அதே முனையை சி.பி.யில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பாயிண்ட் திறக்கும்போது எரிந்து, சேரும்போது அணைந்து, பல்பு மினுக் மினுக்கென்று மின்ன வேண்டும். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் சேரவில்லை: இடைவெளி அதிகம், அல்லது முகத்தில் கரியோ கிரீஸோ இருக்கிறது, அல்லது உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லையென்றால் எங்கோ எர்த் ஆகிறது, இல்லாவிட்டால் காயிலின் உள்சுற்று அறுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது என்று தெரிய, சி.பி.யிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஒயரைக் கழற்றிவிட்டு சி.பி.யில் மறுபடி பல்பை வையுங்கள். இப்போது எரிந்தால் காயிலுக்குள் தொடர்பு இருக்கிறது, கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள் அல்லது அதற்குப் போகும் ஒயரில். இப்போதும் எரியவில்லையென்றால் காயில் போச்சு.

தனியாகப் போகும்போது நின்றுவிட்டால், செல்ஃப் அடிக்க ஆள் இல்லாமலே பார்க்கலாம். கேப்பின் கிளிப்புகளைத் தள்ளிவிட்டுக் கேப்பைத் தூக்குங்கள். பாயிண்ட் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; திறந்திருந்தால் சாவியை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியைக் கொஞ்சம் தள்ளினால் சேரும். பிறகு நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சாவி. கனமான ஒயரின் முனை இரும்புக்குப் பக்கத்தில் நிற்கும்படி வைத்துவிட்டு, ஒரு ஐஸ் குச்சியால் பாயிண்டின் அசையும் கையை லேசாக நெம்பித் திறந்துவிடுங்கள். திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஒயர் முனையில் ஸ்பார்க் பாய வேண்டும். அப்போதே பாயிண்டின் முகத்தையும் பாருங்கள். அங்கே கடுகு போல ஒரு பொறி வந்து மறைந்தால் சரி. பாயிண்டில் கொழுத்த பொறி பறந்து, ஒயர் முனையில் நோஞ்சான் ஸ்பார்க் வந்தால் கண்டன்சர் செத்துவிட்டது என்று முடிவு கட்டலாம்.

ஏன் என்று கேட்பீர்கள். காயிலுக்குள் இருக்கும் இரண்டு கம்பிச் சுற்றுகளில் முதல் சுற்றில் ஓடும் கரண்ட் எவ்வளவு சட்டென்று அறுபடுகிறதோ அவ்வளவு உயரத்துக்கு இரண்டாவது சுற்றில் வோல்டேஜ் எழும். 12 வோல்ட் 15,000, 20,000 வோல்ட் ஆவது அப்படித்தான். பாயிண்ட் பிரியும்போது கரண்ட் அறுபடாமல் அந்தச் சின்ன இடைவெளியில் பொறியாகத் தாவிக்கொண்டே இருந்தால் அந்தச் சட்டென்பது போய்விடும், கூடவே பாயிண்டும் எரியும். அந்தத் தாவலை வாங்கி அடக்குவதற்குத்தான் பாயிண்டுக்குப் பக்கத்தில் 0.2 மைக்ரோ ஃபாரட் அளவில் ஒரு கண்டன்சர். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி காடிலாக் காருக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு இது, பத்மினி வரைக்கும் அடிப்படை மாறவே இல்லை.

சூட்டில் மட்டும் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் வண்டியில் என் சந்தேக வரிசை: முதலில் கண்டன்சர், அடுத்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் குட்டி ஒயர், அப்புறம்தான் காயில். அந்தக் குட்டி ஒயரை யாரும் பார்ப்பதில்லை. வெளி டெர்மினலிலிருந்து பாயிண்டுக்குப் போகும், ஒரு விரல் நீளம்கூட இருக்காது. வாக்குவம் அட்வான்ஸ் (இன்ஜினின் உறிஞ்சலுக்கு ஏற்ப ஸ்பார்க் வரும் நேரத்தை மாற்றும் ஏற்பாடு) உள்ள டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு ஆக்சிலரேட்டருக்குத் தகுந்தபடி முன்னும் பின்னும் திரும்பிக்கொண்டே இருப்பதால் இந்த ஒயரும் மடங்கி மடங்கி நிமிரும். வருஷக்கணக்கில் அப்படி மடங்கி, உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மேலே உறை மட்டும் புதுசு போல முழுசாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். உறை மட்டும் நீண்டு கொடுத்தால் உள்ளே ஒயர் இல்லை என்று அர்த்தம். தட்டை பாடியோடு இணைக்கும் எர்த் ஒயரையும் இதேபோல இழுத்துப் பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிக்கு வருகிறேன், காயில் மாற்றியதிலிருந்து பாயிண்ட் கருகுகிறது என்ற வரி. 12 வோல்ட் காயில் என்று கேட்டால் கடையில் இரண்டு ரகம் கிடைக்கும். ஒன்று நேரடியாகப் பேட்டரி கரண்டில் ஓடுவது, முதல் சுற்றின் ரெசிஸ்டன்ஸ் 3 ஓம் சுற்றி இருக்கும். இன்னொன்று, காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் வைத்த வண்டிகளுக்கானது, அது 1.5 ஓம் சுற்றி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே உருளை, ஒரே நிறம்கூட. ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் இரண்டாவதை மாட்டினால், 12-ஐ 3-ஆல் வகுத்து 4 ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் 12-ஐ 1.5-ஆல் வகுத்து 8 ஆம்பியர் போகும். பாயிண்ட் தாங்காது, காயிலும் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். மல்டிமீட்டர் வைத்திருக்கும் எந்த ஆட்டோ எலக்ட்ரீஷியனிடமும் காட்டுங்கள். ஒயர்களைக் கழற்றிவிட்டு இரண்டு சின்ன டெர்மினலுக்கும் நடுவே அளப்பது ஒரு நிமிட வேலை. பழைய காயிலைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதையும் அளந்து பார்த்து 3 ஓம் பக்கம் இருந்தால் அதையே திரும்ப மாட்டுங்கள், ஏனென்றால் காயில் மாற்றுவதற்கு முன்னாலும் வண்டி நின்றிருக்கிறது, பின்னாலும் நிற்கிறது. மூலக் கோளாறு அதில் இல்லை.

என் யூகம் கண்டன்சர். அதை ரோட்டிலேயே உறுதிப்படுத்தலாம். இன்னொரு கண்டன்சரை எடுத்துக்கொண்டு போங்கள். வண்டி நின்றதும் பழைய கண்டன்சரின் ஒயரைக் கழற்றிவிட்டு, புதியதை டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெளியிலேயே, ஒயரை காயிலின் சி.பி.யிலும் உடம்பை எர்த் ஆகும் ஏதாவது ஒரு போல்டிலும் வைத்து முடுக்குங்கள். உடனே பிடித்தால் சங்கதி முடிந்தது. ஆத்திரத்துக்கு டூவீலர் கடையில் கிடைக்கும் பழைய பாயிண்ட் செட் ஸ்கூட்டரின் கண்டன்சர்கூட வீடு போய்ச் சேரும்வரை தாங்கும். ஒன்று சொல்ல வேண்டும், இப்போது டூப்ளிகேட் கண்டன்சர்கள் நிறையப் புழங்குகின்றன, டப்பாவிலிருந்து எடுக்கும்போதே செத்தவையும் உண்டு; ஆகவே நன்றாக ஓடும் பழைய கண்டன்சரை சர்வீஸ் என்ற பெயரில் சும்மா மாற்றாதீர்கள். இன்னொரு பழக்கம், வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியை ஆனில் வைத்துப் பாட்டுக் கேட்பது. பாயிண்ட் சேர்ந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் அந்த நேரம் முழுக்கக் காயிலில் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிவதற்குள் காயில் வெந்துவிடும்.

கேள்வி: எங்கள் எஸ்டேட் பக்கம் ஆடி, ஆவணி மாதங்களில் காலையில் அம்பாசடர் (பழைய 1489 சிசி பெட்ரோல்) ஸ்டார்ட் ஆவதே இல்லை. வெயில் வந்தால் ஒரே அடியில் பிடிக்கிறது. பேட்டரி புதுசு.
வாசகி, வால்பாறை

பதில்: வால்பாறை மழையில் நாமே எழுந்திருக்க யோசிப்போம், அம்பாசடரை என்ன சொல்வது! ஈரம்தான் காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பின் உள்பக்கம் பனி படிந்து, ஸ்பார்க் பிளக்குக்குப் போகாமல் ஈரத்தின் மேல் ஊர்ந்து எர்த்துக்குப் போய்விடுகிறது. காலையில் கேப்பைக் கழற்றி, உள்ளும் புறமும் காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, பிளக் ஒயர்களையும் காயிலின் தலையையும் துடைத்துவிட்டு அடித்துப் பாருங்கள்.

ஆனால் நல்ல கேப் இந்த அளவு ஈரத்துக்கு மடங்காது. ராத்திரி இருட்டில் பானெட்டைத் திறந்து வைத்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள்; கேப்பின் மேலோ ஒயர்களின் மேலோ நீலமாக ஏதாவது ஊர்ந்தால் அங்கேதான் ஓட்டை. கையை மட்டும் ஃபேனுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். கேப்பைக் கழற்றியதும் உள்ளே இரண்டு பித்தளை முனைகளுக்கு நடுவில் பென்சிலால் கிழித்தது போல மெல்லிய கறுப்புக் கோடு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அது அழுக்கு இல்லை, ஸ்பார்க் ஓடி ஓடிப் பிளாஸ்டிக்கே கரியான தடம். சுரண்டினால் சில நாள் ஓடும், மறுபடி அதே தடத்தில் கரி பிடிக்கும். கேப்பை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது நடுவில் இருக்கும் கார்பன் முனை ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்று விரலால் அமுக்கிப் பார்த்து வாங்குங்கள். வாட்டர் சர்வீஸ் விடும்போது இன்ஜின்மேல் பைப்பை அடிக்க விடாதீர்கள்.

கேள்வி: 1.5 லிட்டர் அம்பாசடர். நடு ஒயரில் ஸ்பார்க் பிரமாதமாக வருகிறது, எந்தப் பிளக்கிலும் வரவில்லை. கேப் புதுசு, ரோட்டாரும் போன மாதம் போட்ட புதுசு.
வாசகர், கும்பகோணம்

பதில்: அந்தப் புது ரோட்டார்மேல்தான் எனக்குச் சந்தேகம். கேப்பைக் கழற்றி, ரோட்டார் அதன் இடத்திலேயே இருக்க, நடு ஒயரின் முனையைப் பிளேயரால் பிடித்து ரோட்டாரின் பித்தளைத் தகட்டுக்கு 3 மி.மீ. மேலே வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ரோட்டார் நல்லதாக இருந்தால் அந்தத் தகட்டுக்குப் போக வழி இல்லை, அதனால் ஸ்பார்க் பாயாது. பாய்ந்தால், தகட்டின் வழியாக இறங்கி, ரிவெட்டுக்குக் கீழே பிளாஸ்டிக்கைத் துளைத்து ஷாஃப்டுக்குள் எர்த் ஆகிறது என்று பொருள். ரிவெட் நீளமாக இறங்கி, ஷாஃப்டுக்கும் அதற்கும் நடுவே பிளாஸ்டிக் மெலிசாக இருக்கும் மலிவு ரோட்டார்களில் இது அடிக்கடி நடக்கிறது. பழைய ரோட்டார் இருந்தால் தகட்டை லேசாகத் துடைத்துவிட்டு அதையே போட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: ஐயா, எனது 1958 மொறிஸ் மைனர் நேற்றுவரை நல்லாய் ஓடினது. இன்று திறப்பைத் (சாவியை) திருப்பினால் பெற்றோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கிற சத்தம் இல்லை, ஸ்பார்க்கும் இல்லை. ஆனால் ஸ்டார்ட்டர் இழுத்தால் நல்லாய்ச் சுத்துது. பம்பும் கொயிலும் ஒரே நாளில் பழுதாகுமா?
வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆகாது. 1990-களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், கார்ப்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலை விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய ஊர்க்காரர் நீங்கள், உங்களுக்கு நான் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். உங்கள் காரில் ஸ்டார்ட்டர் கேபிளை இழுத்தால் வேலை செய்யும் வகை, திறப்புக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஆகவே அது சுற்றுவது பேட்டரி நன்றாக இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. பம்புக்கும் கொயிலுக்கும் திறப்பு சுவிட்சிலிருந்தே வெள்ளை ஒயரில் கரண்ட் போகிறது, லூகாஸ் நிறக் கணக்கு அது. இரண்டும் ஒரே நேரத்தில் அடங்கினால் சுவிட்சைப் பாருங்கள், அல்லது அதன் பின்னால் கழன்ற ஒயரை. திறப்பைப் போட்டால் சிவப்பு விளக்காவது எரிகிறதா என்று நீங்கள் எழுதவில்லை, அதுவும் எரியாவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

உறுதிப்படுத்த, பேட்டரியிலிருந்து ஒரு ஒயரைக் கொயிலின் எஸ்.டபிள்யூ.வுக்குத் தற்காலிகமாக இழுங்கள். பம்ப் அடித்து, கார் ஸ்டார்ட் ஆனால் சுவிட்சுதான். மொறிஸ் மைனர் கம்பெனியிலிருந்து வரும்போது பாசிட்டிவ் எர்த், பேட்டரியின் பிளஸ் பாடியில் இருக்கும். யாரும் மாற்றாமல் அப்படியே இருந்தால் நீங்கள் ஒயர் எடுக்க வேண்டியது மைனஸிலிருந்து. இப்படி ஓட்டும்போது திறப்பை மூடினாலும் இன்ஜின் நிற்காது, அந்த ஒயரைக் கழற்றினால்தான் நிற்கும். சோதனைக்கு மட்டும் செய்யுங்கள், அதோடு நல்லூர்த் தேருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

கேள்வி: மாருதி 800, 1994 கார்ப்பரேட்டர் மாடல். நானே பிளக் மாற்றினேன். மூன்று ஒயரையும் ஒன்றாகக் கழற்றிவிட்டேன். இப்போது கார்ப்பரேட்டர் வழியாகப் பட் பட்டென்று வெடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை.
வாசகர், மதுரை

பதில்: ஒயர் மாறிப்போச்சு. உங்கள் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் பற்றும் வரிசை) 1-3-2, டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது 1-ஆம் சிலிண்டர். மூன்று ஒயர்தானே என்று மாற்றி மாற்றிச் சொருகிப் பார்க்காதீர்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு வேறு செல்ஃப் அடித்தால் வெடிக்கும்போது தீ பிடிக்க வாய்ப்பு உண்டு. நடு ஒயரைக் கழற்றி எர்த்தில் வைத்து, 1-ஆம் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, கிராங்க் புல்லியை ஸ்பானர் போட்டுக் கையால் திருப்புங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரும் சுற்றில் புல்லியின் டைமிங் குறி நேராக வந்ததும் நிறுத்தி, கேப்பைத் திறந்தால் ரோட்டார் எந்த முனையைப் பார்க்கிறதோ அதில் 1-ஆம் ஒயர். அங்கிருந்து ரோட்டார் சுற்றும் திசையில் 3, அடுத்தது 2. அம்பாசடர், பத்மினிக்காரர்களுக்கு 1-3-4-2. அடுத்த முறை ஒவ்வொரு ஒயராகக் கழற்றி மாட்டுங்கள்.

கேள்வி: செல்ஃப் அடிக்கும்போது வண்டி பிடிக்கிறது. சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது. எப்போதும் இப்படித்தான். வேறு சில நண்பர்களுக்குத் தலைகீழாக, சாவியை விடும் அந்த நொடியில்தான் பிடிக்கிறது.
வாசகர், ஈரோடு

பதில்: உங்களுடையது பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டியாக இருந்தால் வெகு சுலபம். செல்ஃப் அடிக்கும்போது ரெசிஸ்டரைத் தாண்டி நேரடியாகக் காயிலுக்கு முழு கரண்ட் வரும். சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாக வர வேண்டும். அந்த ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது. ரெசிஸ்டரே இல்லாத வண்டி என்றால் சாவி சுவிட்சின் ஆன் நிலைத் தொடர்பு தேய்ந்திருக்கும். நண்பர்களுக்கு: செல்ஃப் மோட்டார் கரண்டை எல்லாம் உறிஞ்சிவிடுவதால் காயிலுக்கு மிஞ்சுவதில்லை. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியில் வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள்; சும்மா இருக்கும்போது 12.6 இருப்பது செல்ஃபில் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி, அதன் கிளாம்ப், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் இந்த வரிசையில் போகலாம். சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரே சத்தம், அதோடு சரி என்று எழுதிய கரூர் வாசகருக்கும் இதே வரிசைதான், அது இக்னிஷன் கோளாறே இல்லை.

கேள்வி: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருக்கிறேன். பாயிண்ட், கண்டன்சர் தொல்லையே வேண்டாம் என்று எலக்ட்ரானிக் கிட் போடலாமா?
வாசகர், சென்னை

பதில்: போடலாம், நல்லதுதான். பாயிண்ட் தேய்ந்து டைமிங் நகர்கிற வேலை இருக்காது, வேகத்தில் ஸ்பார்க் சீராக வரும். ஆனால் முதலில் பேட்டரியில் எந்த முனை பாடியில் முடுக்கியிருக்கிறது என்று பாருங்கள்; பிரிட்டிஷ் வழி வந்த அந்தக் காலத்து வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் உண்டு, இடையில் யாராவது மாற்றியும் இருப்பார்கள். முனை மாற்றி மாட்டினால் கிட் அந்த நொடியே காலி. கிட்டோடு வரும் தாளில் எத்தனை ஓம் காயில் என்று போட்டிருக்கும், அதை மீறாதீர்கள். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் பக்கவாட்டில் ஆடினால் கிட் போட்டும் பயனில்லை, ஷாஃப்டைத் தாங்கும் புஷ்ஷை மாற்றிவிட்டுப் போடுங்கள்.

வண்டலூர்ப் பக்கம் செய்த ஹெரால்டில் ஒரிஜினலாக எதையும் மாற்றக் கூடாது என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். கேப்பை மூடிவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் தெரியாது, நீங்கள் பாட்டுக்குப் போடுங்கள். ஆனால் கிட் ரோட்டில் படுத்தால் ஐஸ் குச்சியால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கழற்றிய பாயிண்டையும் கண்டன்சரையும், அந்தத் தட்டோடு, சின்ன ஸ்க்ரூக்கள் உட்பட ஒரு கவரில் போட்டு டேஷ்போர்டிலேயே வையுங்கள். பாயிண்ட் இடைவெளிக்கு 0.4 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு ஒன்றும் அதே கவரில் இருக்கட்டும்.